குழாயடிக் கதிரை

குளியலறைக்குள் குழாய்ச் சத்தம் கேட்டாலே கதவடிக்குப் போய் நின்றுவிடுகிறேன். வாப்பா தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி வுழூச் செய்கிறார்.

என் சின்ன வயதில், உப்பளத்திலிருந்து வந்ததும் கிணற்றடிச் சேற்றில் ஒற்றைக்காலில் நின்றுதான் மற்றக் காலைக் கழுவுவார். எதையும் பிடிக்க மாட்டார். வெடித்த குதிகாலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். "கொக்கு வாப்பா!" என்று நானும் தம்பியும் கத்துவோம். அவர் அசையவே மாட்டார்.

இப்போதும் அதே ஒற்றைக்கால்தான். கீழேதான் சேறு இல்லை, டைல்ஸ். போன மாதம் வழுக்கியவர் கதவைப் பிடித்துத் தப்பினார். சுவரில் கைப்பிடிக் கம்பி பூட்டினேன். அதில் துவாயைக் காயப்போட்டார். இன்று குழாயடியில் பிளாஸ்டிக் கதிரை வைத்தேன்.

"உக்காந்து வுழூச் செய்ய நான் என்ன நோயாளியா?"

தண்ணீர் நின்றது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். வாப்பா வெளியே வந்தார்.

"கதிரையில உக்காந்தீங்களா, வாப்பா?"

"இல்ல மகள்."

விறைப்பாகத் தொழப் போனார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் பின்பக்கத்தில் கதிரையின் வரிகள் ஈரமாகப் பதிந்திருந்தன.