சும்மா ஒரு மனு

எங்கள் வீட்டில் ஒரு கொலைக்குத் திட்டம் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தபோது மாமா கேசரி பாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. டிவி சீரியலில் கொலைத் திட்டம் போடுகிறவர்கள் யாரும் அப்படி விரலை நக்கிக்கொண்டு போடுவதில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கர்நாடகப் பக்கம் சந்தாபுராவில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியிருந்த வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினார். பாதி நாள் நைட் ஷிப்ட் என்பதால் பகலில் வீட்டில் தூங்குவார். அம்மா கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தவள், தம்பி பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டாள். மாமா என்பது அம்மாவின் தம்பி. விவேக் நகரில் ஆட்டோ ஓட்டினார். உலகத்தில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது என்பது அவருடைய எண்ணம்.

திட்டம் என் தம்பியைப் பற்றியது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளைக்கு அடிபட்டுவிட்டது என்றார்கள். ஆறு வயதாகியும் அவனுக்குக் கழுத்து நிற்கவில்லை, உட்கார முடியவில்லை, பேச்சு வரவில்லை. அடிக்கடி ஃபிட்ஸ் வரும். ஒரு கிண்ணம் ராகிக் கஞ்சி ஊட்ட அம்மாவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆனால் பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடித்தால் போதும், உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரிப்பான். எங்கள் வீட்டு குக்கருக்குச் சிரிக்க மாட்டான். நான் எத்தனையோ தடவை அவனை அடுப்பங்கரைக்கு இழுத்துப் போய்க் காட்டியிருக்கிறேன். மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். அவன் ருசி அப்படி.

அவனுக்கு மாதாமாதம் அரசாங்கப் பென்ஷன் கிடைக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து அலைச்சல் தொடங்கியது. இங்கே கேட்டால், உங்கள் அட்டையெல்லாம் திருவண்ணாமலைப் பக்கத்தது, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால், நீங்கள் இருப்பது கர்நாடகா, அங்கே கேளுங்கள் என்றார்கள். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாநிலத்துக்கும் நடையாய் நடந்தாள். தம்பி இந்தியாவில் இருக்கிறான் என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மாமா கேசரி பாத்தோடு வந்து யோசனை சொன்னார்.

“கருணைக் கொலை பண்ண பர்மிஷன் குடுங்கன்னு ஒரு மனு போட்ருவோம் மச்சான். நம்ம ஊர்ப் பக்கம் கலெக்டர் ஆபீஸ்ல இது அடிக்கடி நடக்கற கதைதான். டிவிக்காரன் வந்து மைக்க நீட்டுவான். மறுநாளே பென்ஷன், வீல் சேர், எல்லாம் வீடு தேடி வரும்.”

“வாயக் கழுவுடா,” என்றார் அப்பா. ஆனால் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நெஜமாவே குடுத்துத் தொலைச்சிட்டாங்கன்னா?” என்று கேட்டார்.

“எப்படிக் குடுப்பாங்க? சட்டத்துலயே இடமில்ல. அந்தத் தைரியத்துலதானே கேக்கறோம்!”

அம்மா தம்பியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “யாருக்குமே இடமில்லையா? டிவியில என்னமோ சொன்னாங்களே,” என்றாள்.

“அது வேறக்கா. மெஷின் வச்சு மூச்சு விட்டுட்டு இருப்பாங்க பாரு, இனிமே எழுந்திரிக்கவே மாட்டாங்கன்னு டாக்டருங்க கூடி எழுதிக் குடுத்தா மெஷின எடுக்கலாம்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. ஊசி போட்டு ஆளக் கொல்றதெல்லாம் யாருக்கும் கிடையாது. நம்ம பையன் கஞ்சி குடிக்கறான், சிரிக்கறான். அவனுக்கு எவன் குடுப்பான்? இது சும்மாக்கா. சும்மா ஒரு மனு.”

அந்தச் ‘சும்மா’தான் என்னைக் கலக்கியது. பெரியவர்கள் சும்மா என்று சொன்னதெல்லாம் எனக்கு அழுகையில்தான் முடிந்திருக்கிறது. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் என்று கூட்டிப்போய்க் காது குத்தினார்கள். சும்மா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லி ஊசி போட்டார்கள். இப்போது சும்மா தம்பியைக் கொல்லப்போகிறார்கள். வெளியே சொல்ல முடியாமல் மனு என்கிறார்கள்.

அன்றிலிருந்து நான் காவலில் இறங்கினேன். அப்பா எலி பேஸ்ட் வாங்கி வந்தார். எங்கள் வரிசையில் எலித் தொல்லை உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை வருடம் இல்லாத அக்கறை எலி மேல் இப்போது ஏன்? பேஸ்ட்டைச் சாக்கடையில் எறிந்துவிட்டேன். அந்த வாரமே எலி அப்பாவின் கம்பெனிச் சட்டையைக் கடித்துக் குதறியது. அப்பா கடைக்காரனைத் திட்டினார். மாமா தம்பிக்கு என்று க்ரீம் பிஸ்கட் வாங்கி வந்தார். அதுவரை எனக்கே அவர் வாங்கித் தந்ததில்லை. பாலில் கரைத்து ஊட்டுவதற்குள் நான் பாக்கெட்டையே தின்று பரிசோதித்துவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் மாமா மேல் இருந்த சந்தேகம் அரை அளவு குறைந்தது.

ஃபிட்ஸ் மருந்தில்தான் வசமாக மாட்டினார்கள். அப்பா கையால் ஊற்றிய சிரப்பை, ஒரு நாள் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு மூடி நானும் குடித்துப் பார்த்தேன். கன்னடப் பாட வகுப்பில் பெஞ்சில் சாய்ந்தவள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீட்டில் எனக்கு ரத்த சோகை என்று முடிவு செய்து முருங்கைக் கீரை ஆக்கிப் போட்டார்கள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.

அம்மா மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கொல்லப்போகிறவள் எதற்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கஞ்சி ஊட்ட வேண்டும்? நானும் அம்மாவும் ஒரு கட்சி, அப்பாவும் மாமாவும் எதிர்க் கட்சி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்பா பகலில் வீட்டில் இருக்கும் நாட்களில் அம்மா கடைக்குக் கிளம்பினால் வயிறு வலிக்கிறது என்று நான் தரையில் உருளுவேன். அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி தம்பி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

மனு கொடுக்கும் நாளில் என்னையும் கூட்டிப் போனார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் கன்னடம் பேசுவார்கள். படிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அரசாங்க ஆபீஸ் வாசலில் மரத்தடியில் ஒருவர் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சரியாக இருக்கிறதா என்று மாமா என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார். தம்பியின் பெயர், வயது, வியாதி எல்லாம் சரியாகவே இருந்தன. கீழே ‘தயாமரணம்’ என்று கன்னடத்தில் போட்டிருந்தது, கருணைக் கொலைதான்.

“இந்த வார்த்தை வேண்டாம்,” என்றேன்.

“அது ஒண்ணுதான் வேணும். மத்ததெல்லாம் சும்மா,” என்றார் மாமா.

கிழித்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். தம்பிக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுத் தூக்கி வந்திருந்தாள். “கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போற? பழசப் போட்டிருந்தா பாக்கறவனுக்கு மனசு இளகும்ல,” என்று மாமா அலுத்துக்கொண்டார். அம்மா தம்பியின் காலரைச் சரிசெய்தாள்.

உள்ளே பெரிய மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தார். மாமா சொல்லிவைத்த டிவிக்காரர் கேமராவோடு ஓரமாக நின்றார். அதிகாரியம்மா மனுவைப் படித்தார். தம்பியைப் பார்த்தார். மறுபடி மனுவைப் படித்தார். பிறகு கன்னட வாடையடித்த தமிழில் அப்பாவிடம் கேட்டார்:

“நெஜவா இதுதான் வேணுமா உங்களுக்கு?”

வேறு வழியில்லை மேடம் என்று சொல்லும்படி மாமா அப்பாவுக்கு வழியெல்லாம் பாடம் நடத்தியிருந்தார். அப்பா வாயைத் திறந்தார். “வேற வழி...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. என் அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

“வேண்டாம் மேடம். எம் பையன் எனக்கு வேணும். பென்ஷன் கேட்டு நடந்து நடந்து கால் போச்சு மேடம். அதான் சும்மா...”

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். டிவிக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். நான் அப்பாவைக் கட்சி மாற்றி வைத்தேன்.

அதிகாரியம்மா கோபப்படவில்லை. “இதுக்கு நான் இல்ல, எனக்கு மேல இருக்கறவங்களும் பர்மிஷன் கொடுக்க ஆகாது. பண்ணினா அது கொலை கேஸ். கருணைன்னு பேரு வச்சா கொலை இல்லாம போயிடுமா? உங்களுக்குக் கஷ்டம் இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக அவன் உயிர எடுக்க அவனக் கேட்டீங்களா?” என்றார். பிறகு பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு, எந்த ஊர் அட்டையாக இருந்தாலும் பையன் விஷயத்தை இன்றைக்கே பாருங்கள் என்று உத்தரவு போட்டார். மாமாவின் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. எல்லோரும் கும்பிட்டுக் கிளம்பத் திரும்பினோம். அம்மா மட்டும் நகரவில்லை.

“அவங்க சும்மா கேட்டாங்க மேடம்,” என்றாள். “நான் சும்மா கேக்கல.”

அப்பா, “ஏய்!” என்றார்.

“நான் இருக்கற வரைக்கும் ஊட்டுவேன், கழுவி விடுவேன். அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல மேடம். எம் புள்ள. எனக்கப்புறம்? பசிக்குதுன்னு இவன் யார்கிட்ட சொல்லுவான்? தெருவுல கெடந்து ஈ மொய்ச்சு சாகறதுக்கு, எங் கையிலயே போகட்டும். நான் ஜெயிலுக்குப் போறேன். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க.”

இத்தனை நாள் எலி பேஸ்ட்டையும் பிஸ்கட்டையும் துரத்திக்கொண்டிருந்தேனே! கொலைகாரி கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளை வீட்டை விட்டு நகராதபடி பிடித்து வைத்தது வேறு நான்தான்.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், அறையைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. முகம் மலர்ந்தது.

“அக்கா இருக்காளே! அவ பாத்துக்குவா. ஏனம்மா, பாத்துக்குவியா?”

நான் கொலைகாரியை முறைத்துக்கொண்டே, பள்ளியில் ஆஜர் சொல்லுகிற குரலில் கத்தினேன்: “ஹௌது மேடம். நான் பாத்துக்கறேன்.”

பளார் என்று என் கன்னத்தில் அடி விழுந்தது. தம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் அம்மா அடித்தாள். அதுவரை அவள் என்னை வெளியாட்கள் முன்னால் அடித்ததில்லை. “இவ தலையில கட்டாதீங்க மேடம்,” என்றாள். “இவளாவது தன் வழியில போகட்டும். இதுக்குத்தான் வந்தேன். இவ தலையில மட்டும் கட்டாதீங்க.”

அப்பா அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். அம்மா சொன்னது என் காதில் விழாமல் இல்லை. ஆனால் கன்னம் எரிந்துகொண்டிருந்தது. தம்பியைக் காப்பாற்றுவேன் என்று சொன்னதற்காக அடி வாங்கியவளுக்கு வேறு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை.

சொன்னபடி பென்ஷன் வந்தது. வாரத்தில் சில நாள் பயிற்சிக்கு அழைத்துப்போக ஒரு வேனும் வந்தது. தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று மாமா இன்றைக்கும் சவாரி வருகிறவர்களிடம் சொல்கிறார். தம்பிக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. அம்மாதான் ஊட்டுகிறாள், அம்மாதான் சவரம் செய்துவிடுகிறாள். எனக்கு வரன் பார்க்க வருகிறவர்களிடம் தம்பியைப் பற்றி அவள் முதலிலேயே சொல்லிவிடுகிறாள். சொல்லிவிட்டு, அவனை நாங்கள் பார்த்துக்கொள்வோம், பெண்ணுக்குச் சம்பந்தமில்லை என்று அவர்கள் கேட்காமலே சேர்த்துக்கொள்கிறாள்.

மனு கொடுத்த அன்று மாமாவின் ஆட்டோவில்தான் திரும்பினோம். முன்னால் அப்பா மாமாவின் சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் நானும் அம்மாவும், அவள் மடியில் தம்பியும். ஹோசூர் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. இனிமேல் இவளிடம் அவனை விடக்கூடாது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அக்குளில் கை கொடுத்து அவனை என் மடிக்கு இழுத்தேன். கால் இரண்டும் விறைத்து ஆட்டோவுக்கு வெளியே நீண்டன. தலை என் தோளில் சரிந்தது. எச்சில் என் சட்டையை நனைத்தது. என் எடையில் பாதிக்கு மேல் இருந்தான்.

“குடுடி. உன்னால முடியாது,” என்றாள் அம்மா.

“முடியும்.”

“கை வலிக்கும்டி.”

“வலிக்கட்டும். என்னால முடியும்.”

அவள் என்னையே பார்த்தாள். ஒரு கையால் தலையைத் தாங்கி, மறு கையால் இடுப்பை வளைத்து, அவள் பிடிக்கிற மாதிரியே அவனை நான் பிடித்திருந்ததைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாமா கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இப்ப எதுக்குக்கா அழுவுற, எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சிச்சு,” என்றார்.

எதற்கு அழுகிறாள் என்று எனக்கா தெரியாது? கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள், அதனால் அழுகிறாள். அவள் அழ அழ, நான் தம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.