தண்ணீரோடு சாப்பிடவும்

வெளிநோயாளிப் பிரிவு டாக்டருக்கு வேலை மருந்து எழுதுவது. எழுதிய மருந்து எழுதியபடி வயிற்றுக்குள் போகிறதா என்று கவலைப்படுவது உபதொழில். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் இரண்டையும் பார்த்தேன். தொழிற்சாலைகளுக்காக வயல்களை மேடாக்கிக்கொண்டிருந்த காலம். ஆணி குத்தினவர்கள், செங்கல் விழுந்தவர்கள் என்று காலையிலேயே வரிசை வேப்பமரம் வரை போய்விடும். அப்படி ஒரு வரிசையில் நின்று, டாக்டர் சொன்னதில் பாதி காதில் விழாமல் வீடு திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஊசி ஒத்துக்கொள்ளாத கை

கன்னியம்மா கட்டட வேலையில் சித்தாள். துருப்பிடித்த தகடு உள்ளங்காலைக் கிழித்து, சீழ் வைத்து, கணுக்கால் வரை வீங்கியிருந்தது. வார்டில் கட்டில் காலியில்லை. தினம் வந்து பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ளட்டும் என்று, முதலில் முன்கையில் ஒரு துளி செலுத்திச் சோதித்தோம். சற்று நேரத்தில் அந்த இடம் தடித்துச் சிவந்துவிட்டது. இவளுக்கு இந்த ஊசி ஆகாது என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

ஊசி இல்லாத வைத்தியம் வைத்தியமே அல்ல என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அவள் புருஷன் எல்லப்பன் அதே இடத்தில் மண் சுமப்பவன். அவன் முகம் விழுந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். "அவளுக்கு ஒத்துக்கலன்னா என் கையில போடுங்க டாக்டரம்மா, எனுக்கு இன்னா போட்டாலும் தாங்கும்."

வடியாத வீக்கம்

டெட்ராசைக்ளின் கேப்சூல் எழுதினேன். "நாலு வேளையும் தண்ணீரோடு முழுங்கணும், நடுவில் விடக்கூடாது" என்று இருவருக்கும் சொன்னேன். எல்லப்பன் பலமாகத் தலையாட்டினான்.

மறுபடி வந்தபோது வீக்கம் இறங்கவில்லை, ஏறியிருந்தது. ஒரு வேளையாவது மருந்தை விட்டாயா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்கிறாள். காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்குச் சேர்த்துவைப்பவர்கள், பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்பவர்கள், உறையைப் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவுபவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தவள் நான். அதட்டிப் பார்த்தேன். அவள் பேச்சு மாறவில்லை. இப்படியே போனால் காலுக்கே ஆபத்து, மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றேன். கன்னியம்மா அழவில்லை. வீங்கின காலைப் புடவையால் மெல்ல மூடிக்கொண்டாள். "அங்க அனுப்பாதம்மா, காலு பூட்டா நான் இன்னாத்த சொமந்து பொழைக்கறது?"

மிக்சர் பாட்டில்

என் கண்ணெதிரில் ஒரு கேப்சூலை விழுங்கிக் காட்டச் சொன்னேன். உடனே எல்லப்பன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். இருமல் மிக்சர் வாங்க எல்லாரும் எங்களிடம் கொண்டுவரும் அதே பாட்டில்தான். வேளை அளவு காட்ட நாங்கள் ஒட்டின காகிதம்கூடக் கழுவினதில் பாதி போய் மீதி இருந்தது. உள்ளே பால்.

இந்த மருந்துக்குப் பால் ஆகவே ஆகாது. வயிற்றிலேயே மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். "தண்ணீர் என்றுதானே சொன்னேன்? பாலைக் கொடுக்கச் சொன்னது யார்?" என்று கத்திவிட்டேன். "கோச்சுக்காதம்மா, இவரு காலைல நாஷ்டாகூட துன்றதில்ல, அந்த துட்டுலதான் டீக்கடையில பாலு வாங்கிக்கினு வர்றாரு" என்றாள் கன்னியம்மா. என் கோபம் போன இடம் தெரியவில்லை. எல்லப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கேப்சூலு சூடாச்சே, பாலோடதான் குடுக்கணும், எங்க நெலமையப் பாத்துதான் நீங்க தண்ணின்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

கன்னியம்மாவின் ரகசியம்

பசியோடு மண் சுமந்தவனிடம், உன் பால்தான் இவள் காலைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? பாலும் நல்லது, கேப்சூலும் நல்லது, ஆனால் ஒரே நேரத்தில் போனால் உள்ளே சண்டை போட்டுக்கொள்ளும் என்றேன். கேப்சூலுக்குத் தண்ணீர்தான், முடிகிற நாளில் பாலை வேறு நேரத்தில் தனியாகக் கொடு, நீ நாஷ்டாவை விடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த தடவை வந்தபோது வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. அந்த எலும்பைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் புண்ணும் மூடியது. கடைசியாகக் காட்ட வந்த அன்று, எல்லப்பன் வெளியே போகிற வரை காத்திருந்து, கன்னியம்மா மேஜைமேல் குனிந்தாள். "முழுசா ஆறிப்போச்சுன்னு அவராண்ட சொல்லிடாதம்மா, பால நிறுத்திடுவாரு."

அன்று முதல் 'தண்ணீரோடு' என்று எழுதும்போதெல்லாம், "இது மருந்துக்காகச் சொல்வது, உங்கள் நிலைமையைப் பார்த்து இல்லை" என்று ஒவ்வொருவரிடமும் சேர்த்துச் சொன்னேன். அதனால் வரிசை வேப்பமரத்தைத் தாண்டிப் போனதற்கு நான் பொறுப்பல்ல.