மகளின் இங்கிலீஷ் படிப்பும் யாரும் ஆமென் சொல்லாத ஜெபமும்

ஆண்டவர் எங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்பு மனுஷர் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லாவிட்டால் அந்த நன்மை உங்களுக்கு விளங்காது.

திருவொற்றியூரில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். படிப்பு பத்தாவதோடு சரி. போன வருஷம் மே மாதம் என் ஒரே மகள் பெனிட்டா பிளஸ் டூ பாஸானாள். நல்ல மார்க். சந்தோஷப்பட விட்டாளா? "பி.ஏ. இங்கிலீஷ்தான் படிப்பேன்" என்றாள். அதுவும் வெளியூரில், ஹாஸ்டலோடு, பேர் பெரிய ஒரு தனியார் காலேஜில்.

ஃபீஸைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. கல்விக் கடன் வாங்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்க வேண்டும். அந்த ஒரு வீடுதான் எங்களுக்கு இருப்பது. "முடிச்சிட்டு என்னம்மா சம்பாதிப்ப?" என்று கேட்டால், "படிப்பையெல்லாம் காசால அளக்காதீங்கப்பா" என்பாள். அளக்காமல் என்ன செய்வது? நாள் முழுக்கப் பருப்பு அளந்துதான் அவளை வளர்த்தேன்.

கடைக்கு வருகிறவர்கள் வேறு. "இன்னா அண்ணாச்சி, பொண்ணு இங்கிலீஷாமே! துரைங்க எல்லாம் போயி எத்தினி வருசமாச்சி, யார்கூட பேசப் போவுது?" என்று ஒருவர் சிரித்தார். "கம்ப்யூட்டர்ல சேத்துடு. லோனு கண்ண மூடிக்கினு குடுப்பான்" என்றார் இன்னொருவர். அரைக் கிலோ சர்க்கரை வாங்குகிறவருக்கெல்லாம் என் மகளின் எதிர்காலம் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

நடுவில் அந்தக் காலேஜிலிருந்து போன். "அட்வான்ஸ் கட்டிடுங்க சார், சீட் போயிடும்." என் மனைவி சாராள் தட்டில் கை வைக்காமல் எழுந்துவிடுவாள். வீட்டில் பேச்சே நின்றுபோனது. ஆண்டவரே, என்னால் முடியவில்லை என்று கடையில் உட்கார்ந்தே அழுதிருக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுலதான் ஜெபம். நம்ம கஷ்டத்தை எல்லார்கிட்டயும் சொல்லுவோங்க" என்றாள் சாராள். சொன்னோம்.

வீட்டு ஜெபத்தில் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்போம். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. ஆனால் ஜெபத்துக்குள்ளேயே சண்டை போடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

லாரி ஆபீசில் வேலை பார்க்கும் தேவராஜ் அண்ணன் ஆரம்பித்தார். "ஸ்தோத்திரம்பா. இந்தப் பொண்ணு மனச மாத்துங்கப்பா. ஒரு இன்ஜினீரிங் சீட்டு குடுங்கப்பா. இங்கிலீஷ் படிச்சவன்லாம் எங்க ஆபீஸாண்ட வேல கேட்டுக்கினு நிக்கிறான், உங்களுக்கே தெரியும்பா."

உடனே அவர் மனைவி, "ஆண்டவரே, இவரு தெரியாம ஜெபிச்சிட்டாரு, மன்னிச்சிருங்க. நர்ஸிங்கே குடுங்க. ஃபாரினுக்கு அனுப்புங்க" என்றார்.

கூட்டம் இரண்டுக்கும் ஆமென் சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எதற்கு ஆமென் சொல்ல? பெனிட்டா வாசல்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அடுத்து எண்ணூரிலிருந்து வரும் ஸ்டெல்லா அக்கா. மகன் இன்ஜினீயர் என்று பெருமையாகச் சொல்லுகிறவர். வாயைத் திறந்ததும் உடைந்துவிட்டார்.

"அப்பா, எம்புள்ள இன்ஜினீர்னு ஊருக்கே சொல்லிக்கினு கீறேன். அவன் குடோன்ல மூட்ட எண்ணிக்கினு கீறான்பா. வாங்குற சம்பளத்துல பாதிக்கு மேல அவன் படிக்க வாங்குன லோனுக்கே போவுது. பேங்க் ஆளு வூட்டாண்ட வந்து நிக்கிறான். யாராண்டயும் சொல்ல மூஞ்சி இல்லப்பா. அந்தக் கடன் இந்த வூட்டுக்கு வர வேணாம்பா."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பெனிட்டா வந்து ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள். "அப்பா, அந்தக் காலேஜ் வேணாம். இங்கிலீஷ் மட்டும் வேணும். அங்க படிச்ச ரெண்டு மூணு அக்காங்கள விசாரிச்சேன். ஸ்கூலோ ஆபீஸோ, தொடக்கத்துல எங்க படிச்சவங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம்தானாம். அதுல தவணை கட்டிட்டா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது. உங்ககிட்ட சொல்ல ரோஷமா இருந்துச்சு."

இங்கிலீஷா இன்ஜினீயரிங்கா என்றுதான் நாங்கள் எல்லாரும் அடித்துக்கொண்டோம். கடனைத் தாங்குமா அந்தச் சம்பளம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆண்டவர் அதை ஒரு தாயின் கண்ணீரால் கேட்க வைத்தார்.

அரசு கலைக் கல்லூரிக்கும் முன்னமே விண்ணப்பித்திருந்தாள். முதல் கலந்தாய்வில் இடம் இல்லை. மறுபடியும் காத்திருப்பு. "ஆண்டவரே, வழி காட்டினீர், கதவைத் திறக்க இவ்வளவு நேரமா?" என்று சலித்துக்கொண்டே ஜெபித்தேன். அடுத்த கலந்தாய்வில் கூப்பிட்டார்கள். பி.ஏ. இங்கிலீஷ் கிடைத்தது. எங்கள் கையில் இருந்த பணமே ஃபீஸுக்குப் போதுமானதாக இருந்தது. பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. ஸ்தோத்திரம்!

இப்போது இரண்டாம் வருஷம். முடித்து என்ன சம்பாதிப்பாள் என்று இன்னமும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய முதல் சம்பளம் முழுசாக அவள் கையில் இருக்கும். அது எனக்குப் போதும். ஸ்டெல்லா அக்காவின் பாரம் இன்னும் தீரவில்லை. வாராவாரம் பேர் சொல்லி ஜெபிக்கிறோம். அவர் இப்போது எதையும் மறைப்பதில்லை.

ரிசல்ட் வந்த வீடுகளில் கலங்கி நிற்கிற பெற்றோரே, உங்கள் பாரத்தை வாய்விட்டுச் சொல்லி ஜெபியுங்கள். கேட்கிறவர்கள் புத்திமதி சொல்லியே உயிரை வாங்குவார்கள். வாங்கட்டும். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் ஆண்டவர் பேசுவார். நம்பிக் காத்திருங்கள்.