எல்லயிலிருந்து வந்த பூசைத் தட்டு

பசறைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்ற வீட்டு வரிசைகளில் குடியிருப்போரின் பெயர்ப் பதிவு முழுவதையும் முதன்முதலில் கணினியில் ஏற்றியவன் நான். அப்போது அங்கே ஆபீஸ் கிளார்க். பதிவிலிருந்து வேண்டியதைத் தேடி எடுக்கும் கட்டளைகளையும் நானே எழுதினேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் அவை ஓடிக்கொண்டிருந்தன. இந்த வருடம் அந்தக் கணினி தள்ளாட ஆரம்பிக்கவே, எல்லாவற்றையும் எஸ்.கியூ.எல் என்ற கணினி மொழிக்கு மாற்ற, பதுளை பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பழைய கட்டளைகளுக்கு அர்த்தம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை.

"அங்கிள், இந்த ஒரு பக்கத்தில என்னதான் செய்றீங்க?"

"ஒவ்வொரு பேரா எடுத்து, எந்த லயம்னு பார்த்து, அடுத்த பேருக்குப் போறேன்."

"பஸ்ஸில டிக்கட் போடுற மாதிரி!" என்று சிரித்துவிட்டு, அதையே நாலு வரியில், குவேரி என்கிற தேடல் கட்டளையாக எழுதிக் காட்டுவாள். "இதுல என்ன வேணும்னு மட்டும் சொன்னாப் போதும். எப்படித் தேடுறதுன்னு அதுவே பார்த்துக்கும்."

"தோட்டத் துரைமார் வேலை வாங்குற மாதிரின்னு சொல்லு."

கடைசியாக வந்தது திருவிழாப் பட்டியல். எங்கள் தோட்டத்தில் தேர் ஒவ்வொரு லயத்து வாசலிலும் நிற்கும். பெயரை வாசித்தால்தான் பூசைத் தட்டை நீட்டலாம். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரும் பிறந்த லயத்திலேயே இருக்கும். அவர்களுக்கு அழைப்பிதழ் போகும், தட்டோடு வருவார்கள்.

என் தங்கை பெயர் மட்டும் இல்லை. அவள் எல்ல என்ற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு சிங்களவரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அந்தக் கோபத்தில் அவள் பெயரை நான்தான் நீக்கினேன். அந்த வருடம் அழைப்பிதழ் இல்லாமலே வந்தாள். தேர் எங்கள் லயத்தைத் தாண்டிப் போகும்வரை தட்டோடு நின்றுவிட்டு, பஸ் ஏறிப் போனாள். பிறகு வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

அந்தப் பழைய முறையில் நீக்கிய பெயர் அழியாது. அதன் மேல் ஒரு குறி விழும், அவ்வளவுதான். குறி உள்ளதைக் காட்டாதே என்று தொடக்கக் கோப்பில் ஒரே ஒரு வரி இருக்கும். அதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொல்ல மறந்திருந்தேன்.

"அங்கிள், பழைய பட்டியலைவிட என் குவேரியில பேரு கூடுதலா வருது. எதையாவது விட்டுட்டேனா?"

திரையைப் பார்த்தேன். எங்கள் லயத்தின் கீழ் தங்கையின் பெயர் இருந்தது.

"சரியாத்தான் இருக்கு," என்றேன். "பழசுதான் தப்பு."

முழுப் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோயில் கமிட்டிக்காரர் எல்ல பஸ் கண்டக்டர் கையில் அவளுக்கும் ஒரு அழைப்பிதழ் கொடுத்தனுப்பினார். வருவாளா, மாட்டாளா என்ற ஒரே நினைப்பில் செத்தவர்களை மறந்துவிட்டேன்.

அவர்களையும் அதே முறையில்தான் நீக்கியிருந்தோம், நானும் எனக்குப் பின் வந்த கிளார்க்கும்.

பெயர் வாசித்தவர் தோட்டத்துக்குப் புதிதாக வந்த கணக்கப்பிள்ளை. முதல் லயத்திலேயே, போன மழைக்காலத்தில் நாங்கள் அடக்கம் செய்த தப்படிக்கிற பெரியவரைக் கூப்பிட்டார். தட்டு வரவில்லை. மைக்கில் மறுபடியும் கூப்பிட்டார்.

"அவரு வர நேரமாகுங்க!" என்று கத்தினார் பெரியவரின் மகன். "அவரு தட்ட நானே நீட்டுறேன்!"

லயமே சிரித்தது. அடுத்த பெயரும் செத்தவர்தான். "மாமி, தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சு வாங்க!" என்றாள் அவருடைய மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அதற்குப் பிறகு செத்தவர் பெயர் வரும்போதெல்லாம் தப்பை ஓங்கி அடித்தார்கள். ஆனால் என் பக்கத்தில் நின்ற, குவேரி எழுதிய பெண் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கிள், என் குவேரி தப்பு. நாளைக்கு என்னைக் கிழிக்கப் போறாங்க."

"உன் மேல தப்பில்ல, மகள். ஒரு வரியச் சொல்லாம விட்டேன். நீ கேட்டப்பவும் பொய் சொன்னேன். கமிட்டிக்கிட்ட நானே சொல்றேன்."

"ஏன் அங்கிள்?"

பதில் சொல்வதற்குள் தேர் எங்கள் லயத்துக்கு வந்தது. மைக்கில் தங்கையின் பெயர்.

கூட்டத்தின் பின்னாலிருந்து தட்டு முதலில் வந்தது, தலைகளுக்கு மேலே, தேங்காய் பழத்தோடு. அதன் கீழே நரைத்த தலையோடு என் தங்கை. பின்னால் குடை பிடித்தபடி அவள் புருஷன். தட்டை நீட்டினாள். அர்ச்சனை முடிந்து திரும்பியவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"பேரு எப்படியோ விட்டுப்போச்சுன்னு இவர்கிட்ட சொல்லியிருந்தேன்ணே."

"விட்டுப்போகல. நான்தான் எடுத்தேன்."

"தெரியும். அப்ப அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய ஒன்னத் தவிர யாரு தொட்டா?" பாதித் தேங்காயை என் கையில் வைத்தாள். "பேசாம இதப் புடி. இவருக்கு டீ குடு, பஸ்ஸில ஆடி ஆடி வந்திருக்காரு."

மச்சானை நான் வீட்டுக்குள் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. இரண்டு கோப்பை குடித்தார்.

மறுநாள் கமிட்டியிடம் சொன்னேன். செத்தவர்களை அடுத்த வருடமும் கூப்பிட முடியுமா என்று கேட்டார்கள். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, குறி உள்ளதைக் காட்டாதே என்ற, விட்டுப்போன நிபந்தனையைக் குவேரியில் சேர்த்தாள். பிறகு கீபோர்டை என் பக்கம் தள்ளினாள்.

தங்கை பெயரின் மேலிருந்த குறியை எடுக்கும் கட்டளையை ஒற்றை விரலால் நானே தட்டினேன். கடைசியில் வைக்க வேண்டிய அரைப்புள்ளியை விட்டுவிட்டேன். அதை அவள் போட்டாள்.