தட்டுமுட்டின் வாசனை

என் அக்காவுக்குக் கடைத்தெருவில் ஒரு மாடியில் தையல் கடை. புதுத் துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, இவைதான் வேலை. ஊரில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். வாயும் சும்மா இருக்காது. "போன தடவை பிடிச்சதைத்தான் இப்ப பிரிச்சு விடறேன், ஞாபகம் இருக்கா?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். அப்படியும் கடையில் கூட்டம் குறைவதில்லை.

வீட்டில் அவள் பெயர் மூக்கு. மூக்கு பெரிது என்பதால் அல்ல, அது அளவாகத்தான் இருக்கும். அப்பா வைத்த பெயர் அது. அவர் மரச்சாமான் பட்டறையில் வார்னிஷ் அடிப்பவர். அந்த நெடி வருஷக்கணக்கில் ஏறி ஏறி, எனக்கு விவரம் தெரியும் முன்பே அவருக்கு வாசனை பிடிக்கும் சக்தி அடியோடு போய்விட்டது. "வீடே பத்தி எரிஞ்சாலும் நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்று அதையும் சிரிப்பாக்கிவிடுவார்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாலை ஷிப்ட். அதனால் ராத்திரிச் சாப்பாடு அப்பா கையால்தான். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை எங்கள் வீடு. சமையலறை என்று நாங்கள் சொன்னது உள்ளறை மூலையில் ஒரு பலகைத் தடுப்பு. அவர் செய்ததற்குப் பெயரெல்லாம் கிடையாது. வெங்காயம், உருளைக்கிழங்கு, மத்தியானம் மீந்த சோறு, கொஞ்சம் மிளகு, இருந்தால் முட்டை, எல்லாம் ஒரே இரும்புச் சட்டிக்குள் போகும். அம்மா அதைத் "தட்டுமுட்டு" என்றாள், அதுவே நிலைத்துவிட்டது. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து அக்கா வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்பா சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்பார்.

"மூக்கு, என்ன சொல்லுது?"

"இன்னும் பச்சை வாடைதான்."

"இப்ப?"

"இனிப்பா வருது... இரு, இரு... ஓரத்துல கருகப் போவுது. இறக்குப்பா!"

எழுதுவதிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வாள். அவள் சொல்வதற்கும் அவர் துணியைத் தேடிப் பிடித்துச் சட்டியை இறக்குவதற்கும் இடையில் அடி கொஞ்சம் முறுகிவிடும். அந்த முறுகலுக்கு நாங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்வோம். இன்றைக்கும் எந்த விருந்தில் எதைத் தின்றாலும் என் நாக்கு அந்தச் சட்டியின் அடியைத்தான் தேடுகிறது. தலை நரைத்த ஆளுக்கு இது வெட்கம்தான், ஆனால் ஏங்கிப்போய்க் கண் கலங்கிவிடுகிறது.

அப்பா போன பிறகு அக்காதான் அதைச் செய்வாள். என் மனைவியும் செய்து பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, வீட்டில் குடியிருக்க வேண்டுமே. அக்கா கையில் மட்டும்தான் அது அப்படியே வரும். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது, "அப்பா வந்துட்டுப் போனாருடா" என்பாள்.

இந்த வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாள் கடையில் இஸ்திரிப்பெட்டியை யாருடைய பேண்டின் மேலோ வைத்துவிட்டுத் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தாள். எதிர்க்கடைக்காரர் ஓடி வந்து, "அம்மா, பின்னாடி புகையுது!" என்று கத்தினார். அத்தனை பக்கத்தில் துணி தீய்ந்தும் அவளுக்கு ஒரு வாடையும் எட்டவில்லை. டாக்டரிடம் போனோம். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"உப்பு தெரியுது, உறைப்பு தெரியுது. மத்ததெல்லாம் ஈர அட்டையை மெல்லற மாதிரி இருக்குடா" என்றாள். கடையிலும் பேச்சு குறைந்துவிட்டது. அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். எந்த நிமிஷத்தில் சட்டியை இறக்க வேண்டும் என்பது அவள் மூக்குக்கு மட்டுமே தெரியும். அது போய்விட்டால் தட்டுமுட்டும் போய்விடும், அதோடு அப்பாவும் ஒரேயடியாகப் போய்விடுவார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தாள். "வீட்டுக்கு வாடா. உன் மூக்கு வேணும்."

போனேன். என்னை அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"என்ன வருது?"

"வெங்காய வாசனை."

"பெரிய கண்டுபிடிப்பு! வெங்காயம்னு எனக்கும்தான் கண்ணு தெரியுது. பச்சையா, இனிப்பா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"உன் மூக்கு கண்ணாடி மாட்டத்தான் லாயக்கு."

கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். உருளைக்கிழங்கு விழுந்தது, சோறு விழுந்தது, முட்டையும் விழுந்தது. நான் ஒன்றும் பிடிபடாமல் தவித்தேன். திடீரென்று அது வந்தது, இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கருகல். "இறக்குக்கா!" என்று போட்ட கூச்சலில் அவள் கரண்டியையே கீழே போட்டுவிட்டாள்.

இரண்டு தட்டில் போட்டாள். நான் ஒரு வாய் வைத்தேன். அதேதான், ஒரு குறையும் இல்லை. சந்தோஷத்தில் மடமடவென்று பாதித் தட்டைத் தின்றுவிட்டு நிமிர்ந்தேன். அவள் வாயில் போட்டதை மெல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. அப்படியே இருக்கு."

அவள் முகம் மாறியது. "அப்பாவும் இப்படித்தானேடா நம்ம வாயையே பாத்துட்டு இருப்பாரு? எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு தினம் கேப்பாரு. தன் சமையலைத் தானே மெச்சிக்கறாருன்னு கேலி பண்ணோம். அவருக்கு நிஜமாவே தெரியாம கேட்டிருக்காருடா. மூக்கு போனா ருசியும் போயிடும்னு எனக்கே இப்பதானே தெரியுது. தினமும் நம்ம கூட உக்காந்து இந்த அட்டையைத்தான் தின்னிருக்காரு."

நாங்கள் ஆயுசுக்கும் ஏங்குகிற ருசி, அதைச் செய்த மனுஷனுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. அவர் கேட்டபோதெல்லாம் நாங்கள் கொடுத்த பதில் ஒரு "ம்". அதுவும் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு.

"சும்மா நல்லா இருக்குன்னு சொல்லாதே. எப்படி இருக்குன்னு சொல்லு" என்றாள்.

பேச்சுக்குப் பஞ்சமில்லாத குடும்பம் எங்களுடையது. ஆனாலும் இந்த ருசியை நாங்கள் ஒரு நாளும் வார்த்தையில் சொன்னதில்லை. இன்னொரு வாய் எடுத்து மெதுவாக மென்றேன்.

"முதல்ல வெங்காயத்தோட இனிப்பு வருதுக்கா. கிழங்கு மேல மொறுமொறுன்னு இருக்கு, உள்ள மாவா இருக்கு. மிளகு உடனே தெரியல, அப்புறமாத் தொண்டையில வந்து நிக்குது. அடி பிடிச்ச சோறு லேசாக் கசக்குது. அந்தக் கசப்போட முட்டை சேரும்போது..."

அவள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தொடங்கினாள்.

"நிறுத்தாதேடா" என்றாள். "அவருக்கும் சேர்த்துச் சொல்லு."