குடிக்காதவன்தான் முதலில் விழுந்தான்

இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் ஈஸ்ட் ஹாமில். ஹை ஸ்ட்ரீட் நோர்த்திலிருந்து இரண்டு தெரு உள்ளே, வரிசை வீடுகளில் ஒன்றை நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தோம். நான், மனைவி, எட்டு மாத மகள். மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். வெளியே வெயில் எறித்தது. ஆனால் அந்த வெயிலில் சூடு இல்லை, காற்று காதை அறுத்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு பியர்ப் போட்டி. யார் அதிகம் குடிப்பது என்ற போட்டி அல்ல. கண்ணை மூடிக்கொண்டு குடித்து, எது எந்தப் பியர் என்று சொல்ல வேண்டும்.

எல்லாம் என் மனைவியின் தம்பியால் வந்தது. அவன் ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். அந்த ஊர்க்காரர்கள் பியரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் அது ஒரு படிப்பு மாதிரி ஆகிவிட்டது. முந்தைய வருடம் லண்டனுக்கு வந்தபோது, எங்கள் தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணையிடம் இதைப்பற்றி அளந்திருக்கிறான். அண்ணை அசையவில்லை.

"லாகர் எண்டா லாகர்தான் தம்பி. ஜேர்மனியிலை காய்ச்சினா என்ன, இஞ்சை தகரத்திலை அடைச்சா என்ன, எல்லாம் ஒரே மஞ்சள் தண்ணி."

மைத்துனனுக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த முறை பஸ்ஸிலும் கப்பலிலுமாக வந்து இறங்கியபோது அவன் பெட்டிக்குள் உடுப்பைவிடப் போத்தல்கள்தான் அதிகம். வடக்குப் பக்கத்துப் பில்ஸ்னர் ஒன்று, மியூனிக்கின் ஹெல்லஸ், டோர்ட்மண்டின் எக்ஸ்போர்ட், பழுப்பும் கறுப்புமான டுங்கல். இந்த நாலு வகைப் பியரிலும் இரண்டிரண்டு போத்தல், ஒவ்வொன்றும் ஒரு காற்சட்டைக் காலுக்குள் சுருட்டியபடி. ஐந்தாவதாக அண்ணை தன் கடையிலிருந்து ஒரு தகர லாகரை எடுத்து வந்தார். எல்லாவற்றையும் தமிழ்ப் பத்திரிகைத் தாளால் சுற்றி, மேலே இலக்கம் எழுதி, பின்வாசல் படியில் குளிருக்கு வைத்தோம்.

நான்காவது ஆள் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்த மன்னார் நண்பன். கத்தோலிக்கன். தவக்காலம் தொடங்கியிருந்ததால், ஈஸ்டர் வரை ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று நேர்த்தி வைத்திருந்தான். நான்தான் அவனை விடாமல் கூப்பிட்டேன். "குறிப்பு எழுத ஒருத்தன் வேணுமடா. தெளிவா இருக்கப்போறவன் நீ மட்டும்தான்." அவனுக்கு அழகான கையெழுத்து. பங்குக் கோயில் அறிவித்தல்களை அவன்தான் எழுதுவான். பூசை முடிந்து குளிருக்குள் நடந்து வந்தவன், முன்னறையில் காஸ் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்காலியைப் போட்டுக்கொண்டு, தாளும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டான்.

மைத்துனன் வைத்த சட்டங்களைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பு. கிளாஸில் சவர்க்கார மணம் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் அளவு மட்டும். இடையில் வாயில் ருசி தங்காமல் இருக்க, பேக்கரியில் வாங்கிய வெறும் பாண் துண்டு. அவள் செய்துவைத்திருந்த ஆட்டிறைச்சிப் பிரட்டலைப் போட்டி முடியும்வரை யாரும் தொடக்கூடாது.

"இதென்ன பள்ளிக்கூடச் சோதினையோ?" என்றாள். காலையிலிருந்தே தனக்குத் தலையிடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போகும்போது, "சத்தம் போடாதேங்கோ, இப்பதான் நித்திரையாக்கப் போறன்" என்றாள். அதனால் நான் முன்னறைக் கதவை இறுக்கிச் சாத்தினேன்.

போட்டி நன்றாகத்தான் தொடங்கியது. முதலாவது கிளாஸில் ஊற்றும்போது வெளிர் வைக்கோல் நிறம்; பிறகு கண்ணை மூடினோம். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் வெட்டிய புல் மணம், விழுங்கியபின் அடிநாக்கில் ஒரு கசப்பு. "வேப்பங்கொழுந்து" என்றார் அண்ணை. மைத்துனன் கண்ணை மூடியபடி "பில்ஸ்னர்" என்றான். இரண்டாவது மெத்தென்று இருந்தது. புதுப் பாணின் ஓரத்தை முகர்ந்த மாதிரி. எனக்கே வித்தியாசம் தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. நண்பன் ஒவ்வொருவர் சொன்னதையும் முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தான்.

வீட்டில் கைக்குழந்தை என்பதால் அண்ணை சிகரெட் பற்ற வைக்கப் பின்வளவுக்குப் போவார். நானும் மைத்துனனும் போத்தல் எடுக்கவும் கிளாஸ் கழுவவும் மாறி மாறிக் குசினிக்குப் போய் வந்தோம். நண்பன் மட்டும் இடத்தை விட்டு எழும்பவில்லை.

மூன்றாவதுக்கு வந்தபோது என் நெற்றிப்பொட்டு இரண்டும் இடிக்கத் தொடங்கியது. சொன்னேன். அண்ணை தனக்கும் அப்படித்தான் என்றார். "பொடியன் சொன்னது சரிதான், ஜேர்மன் சாமான் ஏறுது!" எல்லோரும் சிரித்தோம். இன்னும் ஆளுக்கு அரைப் போத்தல்கூடக் குடிக்கவில்லை என்று மைத்துனன் சொன்னான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அண்ணை இரண்டாவது சிகரெட்டுக்காக வெளியே போனார். அப்போதுதான் நண்பன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"மச்சான், எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. தலை சுத்துது."

எங்களுக்கு அது பெரிய பகிடியாகப் போய்விட்டது. மணத்துக்கே வெறித்துவிட்டதா என்று மைத்துனன் கேட்டான். நாங்கள் குசினிக்குப் போன நேரம் இவன் களவாக ஒரு வாய் இழுத்துவிட்டான் என்றேன் நான். "இல்லையடா, சத்தியமா இல்லை" என்றான் அவன். சொற்கள் இழுபட்டன. எனக்கு அது இன்னும் சந்தேகத்தைத் தந்தது. அடுத்து நான் செய்ததை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. அவன் முகத்துக்கு நேரே குனிந்து, பொலிஸ்காரன் மாதிரி, "எங்கை, வாயை ஊது பாப்பம்" என்றேன். அவன் ஊதினான். பியர் குடித்த என் மூக்குக்கு என்ன தெரியும்? "ஓம், மணக்குது!" என்று கத்தினேன்.

அவன் கக்கூசுக்குப் போக எழுந்தான். இரண்டு அடி வைத்தான். அப்படியே முன்னால் சரிந்தான். மேசையில் கை பட்டு கிளாஸ்கள் உருண்டன. முகம் கம்பளத்தில் கிடந்தது.

நாங்கள் அதற்கும் சிரித்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடமாக இருக்கலாம், மூன்று நிமிடமாகவும் இருக்கலாம். என் சிரிப்பு எனக்கே அடுத்த வீட்டிலிருந்து கேட்பது போல இருந்தது. அவனைத் தூக்குவோம் என்று எழும்பப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால்களே இல்லை.

கதவு திறந்தது. அண்ணை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அவர் எங்களுக்குச் சொன்னது இது: இரண்டு முறையும் வெளியே நின்றபோது அவருக்குத் தலை தெளிந்திருக்கிறது. முதல் முறை உள்ளே வந்ததும் திரும்ப இடித்திருக்கிறது. அது ஏன் என்று யோசித்தபடிதான் கதவைத் திறந்திருக்கிறார். திறந்ததும் அவர் கண்டது இரத்தமாய்ச் சிவந்த இரண்டு முகங்களையும், கீழே கிடந்த குடிக்காதவனையும்.

"இது பியர் இல்லையடா! ஹீட்டர்! இவன் ஒண்டும் குடிக்கேல்லையடா!"

பாய்ந்து ஹீட்டரை நிறுத்தினார். ஜன்னலை இழுத்தார், அது அசையவில்லை. மேசையிலிருந்த நாலாம் இலக்கப் போத்தலை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். குளிர்காற்று உள்ளே வந்து முகத்தில் அறைந்தது. மைத்துனனும் அவருமாக நண்பனின் கமக்கட்டுக்குள் கை கொடுத்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் மைத்துனன் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினான்.

"அத்தான், அக்கா! மேலை அக்கா!"

அப்போதுதான் எனக்கு நினைவே வந்தது. மேலே இரண்டு உயிர்கள்.

படிகளில் தவழ்ந்துதான் ஏறினேன். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. கன்னத்தில் தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினேன். "விடுங்கோ... தலை இடிக்குது..." என்று முனகினாள். அந்த முனகல் போதும். "எழும்பு, வெளியிலை போ!" என்று கத்திக்கொண்டே தொட்டிலிலிருந்து மகளைத் தூக்கினேன். எங்கள் மகள் விரல் பட்டாலே விழித்து வீட்டை இரண்டாக்குகிறவள். அன்றைக்கு அவள் தலை என் தோளில் ஒரு துணிப்பொம்மையின் தலை மாதிரி விழுந்து கிடந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பின்வளவுப் புல்லில் வெறுங்காலோடு நின்றேன். பிள்ளையின் முகத்தில் ஊதினேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், உள்ளங்காலைச் சுண்டினேன். சத்தமில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்தார். கூடையை அப்படியே போட்டுவிட்டு டெலிபோனுக்கு ஓடினார். மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "என்ன, ஏன் பிள்ளை அழேல்லை?" என்றாள். நான் திரும்பவும் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினேன்.

பிறகு அந்தச் சின்ன முகம் சுருங்கியது. வாய் கோணியது. முதலில் சத்தமே வரவில்லை. அடுத்த மூச்சில் அலறினாள். அந்த அழுகை நிற்கக்கூடாது என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அம்புலன்ஸில் வந்தவர் முன்னறையை எட்டிப் பார்த்தார். போத்தல்கள், கவிழ்ந்த கிளாஸ்கள், பியர் நாற்றம். "எவ்வளவு குடித்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அதையேதானே நினைத்தேன்! அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நண்பனைக் காட்டிக் காட்டி, "நோ டிரிங்க், நத்திங், நத்திங்" என்று கத்தினார். அந்த மனிதரின் பார்வை ஹீட்டருக்குப் போனது. உடனே எல்லோரையும் தெருவுக்கு விரட்டினார். முகத்தில் ஒட்சிசன் மூடியோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இரத்தத்தைச் சோதித்துவிட்டு டொக்டர் சொன்னார், கார்பன் மொனொக்சைட் என்று. நிறமில்லாத, மணமில்லாத நஞ்சுக் காற்று. ஹீட்டருக்குப் பக்கத்திலேயே இருந்து, வெளிக்காற்றை ஒரு முறையும் சுவாசிக்காத நண்பனின் உடம்பில்தான் அது மிக அதிகம். மேலே இருந்த இருவருக்கும் குறைவு. பிள்ளை எழும்பக்கூடாது என்று சாத்திய கதவு அவர்களைக் காப்பாற்றி, எங்களை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது. நண்பன் அன்று மாலைதான் கண் திறந்தான்.

எனக்கு விழுந்த பெரிய அடி மறுநாள், அவனைத் தவிர மற்றவர்களை வீட்டுக்கு விட்டபிறகுதான். ஹீட்டரைச் சோதிக்க வந்தவர் முழங்காலில் நின்று, ஜன்னலுக்குக் கீழே சுவரில் விரலால் தட்டினார். "இதை யார் அடைத்தது?"

நான்தான். ஜனவரியில், அந்தச் சின்னத் துவாரத்தால் குளிர் வந்து பிள்ளைக்குப் படுகிறது என்று, கடதாசி மட்டை வைத்து இரண்டு சுற்று டேப் ஒட்டினேன். ஜன்னல் இடுக்குகளையும் விடவில்லை. வேலை சுத்தமாக வந்ததென்று மனைவியைக் கூப்பிட்டும் காட்டினேன். ஹீட்டர் ஒழுங்காக எரியத் தேவையான காற்று வருகிற வழி அது என்று அந்த மனிதர் நிதானமாக விளங்கப்படுத்தினார். புகைக்கூண்டும் பாதி அடைபட்டிருந்ததாம். பிறகு வீட்டில் யாருக்காவது அண்மையில் தலையிடி இருந்ததா என்று கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் இருந்தால் தலையிடிக்கிறது, கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் போய் நடந்தால் விட்டுப்போகிறது என்று. சாறிக் கடையைக் கண்டால் எந்த வருத்தமும் மாறிவிடும்தானே என்று நான் ஆட்களுக்கு முன்னால் வைத்துக் கேலி செய்திருந்தேன். அவள் இப்போது அதைச் சொல்லிக்காட்டாமல், தனக்குத்தான் என்று அவருக்குப் பதில் சொன்னாள். சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவர் போனபிறகு உடைந்த கண்ணாடியைக் கூட்டும்போது கம்பளத்தில் அந்தக் குறிப்புத் தாள் கிடந்தது. முதலாம் இலக்கத்துக்கு நேரே அச்சடித்தது போன்ற எழுத்து. இரண்டாவதில் வரி சற்றே சாய்ந்திருந்தது. மூன்றாவதில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. "பாண்" என்ற சொல் மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. அதற்குக் கீழே எழுத்தே இல்லை, தாளின் ஓரம்வரை இழுபட்ட ஒரு கோடு மட்டும். ஒரு சொட்டும் குடிக்காத ஒருவனின் கை அது. எங்கள் கண்ணுக்கு முன்னால், அரை மணி நேரமாக, அவன் மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் அவனுக்கு எதிரே இருந்து மணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போது வசனமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கட்டிலருகே போய், "நேற்று நடந்தது ஏதாவது நினைவிருக்கோ?" என்று மட்டும் கேட்டேன்.

"விழுந்தது நினைவில்லை. சிரிச்சனீங்கள் எண்டு அண்ணை சொன்னவர், அதுவும் நினைவில்லை" என்றான். "வாயை ஊதச் சொன்னது நினைவிருக்கு, மச்சான். அது மட்டும் நினைவிருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான், மாத முடிவில் வேலைக்கும் வந்தான். எங்கள் நட்பு போகவில்லை. அது அவனுடைய பெருந்தன்மை.

பிறகு வந்த வருடங்களில் எத்தனையோ பேர் என்னிடம் தலை சுற்றுகிறது, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, இந்த வீட்டில் இருக்க ஏலாமல் இருக்கிறது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு உண்மையில் ஒன்றுமே இருந்ததில்லை. நான் ஏமாந்துபோனேன் என்று சிரித்தவர்களும் உண்டு. சிரிக்கட்டும். ஒருவர் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் முதலில் நம்பிவிட்டுப் பிறகுதான் காரணம் தேடுகிறேன், ஏனென்றால் நம்பாமல் சிரித்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்துக்குள் ஓர் உயிர் போய்விடலாம் என்பதை நான் என் வீட்டு முன்னறையிலேயே பார்த்தவன்.