பெடலில் லூர்துவின் கால்

லூர்து போய்விட்டான்.

போன வாரம் வெள்ளிக்கிழமை காலையில். பல் துலக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டானாம்... ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை. மறுநாள் அடக்கம். இதை எழுத நானும் தினம் உட்கார்ந்து பார்த்தேன், இன்றைக்குத்தான் முடிகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லியனூர் பக்கம் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கார் ஷெட் வைத்திருக்கிறோம். பழைய காருக்குப் பெரிய இன்ஜின் போட்டு வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த வேகத்தைத் தாங்குகிற மாதிரி பின்னால் சக்கரம் மாட்டுகிற ஆக்ஸில், பிரேக் எல்லாம் மாற்றித் தருவோம்.

'வைத்திருக்கிறோம்' என்றுதான் கை எழுதுகிறது. திருத்த மனசு வரவில்லை.

லூர்து ஆள் நல்ல பருமன். காருக்கு அடியில் நுழைந்தால் இன்னொரு ஜாக்கி வைத்துத்தான் உன்னை வெளியே எடுக்க வேண்டும் என்று கிண்டல் செய்வேன். அதனால் அடியில் நான், சீட்டில் அவன். பார்ட்னர்ஷிப் பேசியதே அப்படித்தான்.

பிரேக் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். புது பிரேக் போட்டதும் பைப்பில் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். மேலே ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, கீழே ஒருத்தர் சக்கரத்துப் பக்கம் இருக்கிற நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் மேலே காலை எடுத்துவிட்டால் போச்சு. காற்று மறுபடியும் உள்ளே போய்விடும்.

"மிதி."

"புடிச்சிட்டேன்."

"வுடு."

பாதி நாள் எங்களுக்குள் இந்தப் பேச்சுதான்.

ஒருமுறை நிப்பிள் திறந்திருக்கும்போது மேலே 'ஸ்... ஸ்...' என்று சத்தம். என்னடா என்றேன். மூடிவிட்டு 'வுடு' சொன்ன பிறகுதான் ஐயா நொண்டிக்கொண்டு இறங்கினார். கணுக்காலில் குளவி கொட்டி பூரி மாதிரி வீங்கியிருக்கிறது.

"கால எடுக்க வேண்டியதுதானடா, அறிவு இல்ல?"

"நீ வுடுன்னே சொல்லலியே..."

வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கி வந்து தடவிவிட்டேன். தடவி முடிக்கும் வரை திட்டினேன்.

கடைசியாக நாங்கள் எடுத்த வேலை ஒரு பாகூர் தம்பியின் கார். ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர். இன்ஜின் போடுகிற பலத்துக்குப் பழைய ஆக்ஸில் உடைந்துபோய் வந்தது. கனமான ஆக்ஸில் ஒன்று பிடித்து, டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போடுவதாகப் பேச்சு.

அந்த ஆக்ஸில் வந்த நாள் பார்த்து வில்லியனூரில் தேர். வண்டி உள்ளே வராது என்று டிரைவர் கைவிரித்துவிட்டார். சாக்கைச் சுற்றி நானும் லூர்துவும் ஆளுக்கொரு முனை தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தோம். ஒரு வயதான அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்கள், "இன்னா சாமிபா இது?"

"ஆக்ஸில் சாமிம்மா. நல்லா வேண்டிக்கோ, வண்டி நடுவுல ஒடையாது."

ஞாயிறு பூசை தவறாதவன் வாயில் வருகிற பேச்சா இது... சிரித்த சிரிப்பில் ஆக்ஸிலைக் கீழே போட்டிருப்பேன்.

அந்தத் தம்பி ஒரு பம்ப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். பெடல் மிதிக்கவே வேண்டாம், ஒரு ஆளே காற்றை எடுத்துவிடலாம். லூர்துவுக்கு வந்ததே கோபம்! "அப்போ எனக்கு இன்னா வேலை? வாசல்ல குந்திகினு பட்டாணி திங்கவா?" வாங்கி ஆணியில் மாட்டியவன் அப்புறம் அதைத் தொடவே இல்லை.

வியாழக்கிழமை இடது சக்கரம் முடிந்தது. வலது ஒன்றுதான் பாக்கி.

"பசிக்குதுடா. அத நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கிளம்பினான்.

ஸ்டாண்டில் ஏற்றிய கார் ஏற்றியபடியே நின்றது. தெரிந்த மெக்கானிக்குகள் வந்து மிதித்துத் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றேன். அந்த சீட்டில் இன்னொருவனைப் பார்க்க என்னால் முடியாது. பம்ப்பை ஆணியிலிருந்து எடுத்தேன், திரும்ப மாட்டினேன். காரை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு ஷெட்டை மூடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது.

இன்று லூர்துவின் மனைவி ஸ்டெல்லா வந்தாள். திருவாண்டார்கோயிலில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஷெட்டில் கிடந்த அவன் சட்டையையும் டிபன் பாக்ஸையும் எடுத்துப் போக வந்தவள் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் இன்னாண்ணே பாக்கி?"

"ஒரு சக்கரந்தாம்மா."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அவன் உடம்புக்காகப் பின்னால் தள்ளிய சீட், அவளுக்குக் கால் எட்டவில்லை. முன்னால் இழுத்துவிடப் போனேன்.

"வேணாண்ணே. அது அப்டியே இருக்கட்டும்." சீட்டின் நுனிக்கு நகர்ந்துகொண்டாள்.

நான் அடியில் போனேன். "மிதிம்மா."

"புடிச்சிட்டேன்."

அதே வார்த்தை. வேலை நேரத்தில் அவள் போன் செய்தால் காதில் வைத்துக்கொண்டேதான் எனக்குப் பதில் சொல்வான்... கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள்.

நிப்பிளைத் திறந்தேன். காற்று குமிழ் குமிழாக வந்தது. மூடினேன். 'வுடு' என்று சொல்ல வேண்டும். காருக்கு அடியில் படுத்தபடி அழுதுகொண்டிருந்தேன்.

மேலேயிருந்து அவள் குரல்.

"அண்ணே... நீ இன்னும் வுடுன்னு சொல்லலியே."

"வுடும்மா" என்றேன்.

குமிழ் நிற்கும் வரை மிதித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வலது பக்கமும் முடிஞ்சிடுச்சு லூர்து. பெடல் கெட்டியா நிக்குது.

பசிக்குதுன்னு சொன்னியே... போய் சாப்புடுடா.